கேசரிக்கு அனுமதி இல்லை

எங்கள் அத்தையைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோருமே தாயார் சன்னதியில்தான் பார்த்தார்கள். ஸ்ரீரங்கத்தில் அது ஒரு வசதி. வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வேண்டாமென்று போனால் தெருவுக்கே தெரிந்துவிடும். கோயிலென்றால் இரண்டு தரப்பும் எதேச்சையாகச் சாமி கும்பிட வந்த மாதிரி வந்து, ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, பிடிக்காவிட்டால் குங்குமத்தை வாங்கிக்கொண்டு அவரவர் வழியில் போய்விடலாம். யாருக்கும் அவமானம் இல்லை என்பது பெரியவர்களின் எண்ணம். அத்தைக்கு அவமானமாக இருந்ததா என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அத்தை என் அப்பாவின் தங்கை. அப்பா அப்போது கத்தாரில் இருந்தார். அடையவளஞ்சான் வீதியில் எங்கள் வாடகை வீட்டில் அம்மா, அத்தை, நான் மட்டும்தான். அத்தை தினமும் காலை பாசஞ்சரில் லால்குடிக்குப் போய், ஓர் உரக்கடையில் பில் போட்டுவிட்டுச் சாயங்காலம் திரும்பும். சேலையில் உர வாசனை அடிக்கும். அந்த வாசனையோடுதான் ராத்திரி என் பக்கத்தில் படுத்துக் கதை சொல்லும். இப்படி ‘சொல்லும்’, ‘திரும்பும்’ என்று எழுதுவதை மரியாதைக் குறைவாக நினைத்துவிடாதீர்கள். எங்கள் பக்கத்தில் ரொம்ப நெருங்கியவர்களை அப்படித்தான் சொல்வோம். ‘அத்தை சொல்வார்’ என்று எழுதிப் பார்த்தேன். யாரோ பள்ளிக்கூட டீச்சரைப் பற்றி எழுதுவது போலிருந்தது, அடித்துவிட்டேன்.

வந்தவர்களில் ஒருத்தருக்கு அத்தையின் நிறம் போதவில்லை. ஒருத்தருக்கு அது வேலைக்குப் போவது பிடிக்கவில்லை. இன்னொருத்தர் காரணமே சொல்லாமல் போனை எடுப்பதை நிறுத்திக்கொண்டார். அத்தைக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டிருந்தது. கைலாசபுரத்தில் ஆலைக் குவார்ட்டர்ஸில் இருந்த பெரியப்பா ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு ஜாதகமும் போட்டோவுமாக வந்து இறங்குவார். அந்த ஞாயிறும் வந்தார். துவாக்குடியில் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கும் மாப்பிள்ளை. அப்பா அம்மா கிடையாது, அக்காதான் வளர்த்து ஆளாக்கியவர். வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வரச் சொல்லட்டுமா என்று கேட்டார்.

“இனிமே நான் கோயிலுக்கு வரமாட்டேண்ணே,” என்றது அத்தை. “ஒவ்வொரு தடவையும் தாயார் முன்னாடி நிக்க வச்சு வேணாம்னு சொல்லிட்டுப் போறாங்க. பாத்துப் பாத்துத் தாயாருக்கே சலிச்சுப் போயிருக்கும்.”

“பின்ன எங்கதான் பாக்கறதாம்?”

“தீம் பார்க்ல வந்து பாக்கச் சொல்லுங்க. வேணாம்னுட்டுப் போனாலும் எனக்கு ராட்டினமாவது மிச்சம்.”

அத்தை எரிச்சலில் சொன்னது. பெரியப்பாவுக்குக் கிண்டலும் எரிச்சலும் பிடிபடாது. அவர் அதை அப்படியே மாப்பிள்ளையின் அக்காவிடம் போனில் சொல்லிவிட்டார். நல்ல யோசனைதான், தம்பியும் கொஞ்சம் கூச்ச சுபாவம், எதேச்சையாகப் பார்த்த மாதிரி இருக்கட்டும் என்று அந்த அம்மாவும் சரி சொல்லிவிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் போய்விட்டு வந்து அளந்துகொண்டிருந்தார்கள். ஊரைத் தாண்டி நெடுஞ்சாலையில் போகும்போது, மதிலுக்கு மேலே அந்தப் பெரிய ராட்டினத்தின் தலையை மட்டும் பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறேன். அத்தையைப் பெண் பார்ப்பதற்காகத்தான் போகிறோம் என்று எனக்கும் சொல்லியிருந்தார்கள். சொன்னதோடு, வாயைத் திறக்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தார்கள்.

இதற்குமுன் பார்த்ததெல்லாம் ஏன் தட்டிப்போயிற்று என்பதற்குப் பெரியப்பாவிடம் ஒரு விளக்கம் இருந்தது. கேசரி பஜ்ஜி கொடுக்கவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் வாயில் இனிப்பு படாமல் போனால் காரியம் எப்படிக் கைகூடும்? கோயிலுக்குள் கேசரி கொடுக்க முடியாது, பார்க்கில் கொடுக்கலாமே. ஆக, அம்மா விடியற்காலையிலேயே எழுந்து முந்திரி மிதக்கக் கேசரி கிளறினாள். கேசரி ஒரு தூக்கு, வாழைக்காய் பஜ்ஜி ஒரு தூக்கு. பிளாஸ்க்கில் காபி. மாப்பிள்ளை வீட்டார் அங்கேயே சம்மதம் சொல்லிவிட்டால்? வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்ள வேண்டாமா? தேங்காய், பழம், வெற்றிலை, கொட்டைப்பாக்கு, குங்குமம், ஒரு தாம்பாளம். சகுனத்துக்கு ஒரு வில்லை கற்பூரம். கற்பூரம் இருந்தால் தீப்பெட்டி வேண்டும். இத்தனையும் ஒரு கட்டைப் பைக்குள் போயின. முதல் நாளே வந்து தங்கிவிட்ட பெரியப்பா, எங்கள் கூடத்தில் நின்று ஒரு வசனத்தையும் சொல்லிப் பார்த்துக்கொண்டார். “அடடே, நீங்களா! எங்க இந்தப் பக்கம்?” ஒருதரம் வியப்பாக, ஒருதரம் சாதாரணமாக. வியப்புதான் பொருத்தமாக இருக்கிறது என்று அம்மா சொன்னாள்.

ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறி, ஜங்ஷனில் மாறி, பார்க் வாசலில் இறங்கினோம். அத்தை மாம்பழக் கலர் சேலையில், தலை நிறைய மல்லிகையோடு இருந்தது. முகம் மட்டும் ஊசி போட்டுக்கொள்ளப் போகிற மாதிரி இருந்தது.

வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு பலகை. அதில் உள்ளே கொண்டுவரக் கூடாதவையெல்லாம் எழுதியிருந்தன. பெரியப்பா பலகை எதைப் பார்த்தாலும் சத்தமாகப் படிப்பார். வெளி உணவு, பானங்கள், கண்ணாடிப் பொருட்கள், கூர்மையான பொருட்கள், தீப்பெட்டி, எளிதில் தீப்பற்றும் பொருட்கள், பாக்கு, புகையிலை, செல்லப் பிராணிகள். படித்து முடித்துவிட்டு, “செல்லப் பிராணி நம்மகிட்ட இல்ல,” என்றார் நிம்மதியாக.

“பேசாம பையை வெளியில வச்சுட்டுப் போயிடலாம் மாமா,” என்றாள் அம்மா.

“நீ சும்மா இரு. தெனமும் ஆலை வாசல்ல பையைத் திறந்து காட்டுறவன் நான். எங்க ஆலையில வெளிய போறப்பதான் நோண்டி நோண்டிப் பாப்பாங்க. உள்ள வர்றப்ப யாரும் கண்டுக்க மாட்டாங்க. இங்கயும் அப்படித்தான் இருக்கும்.”

இங்கே அப்படி இல்லை. நீளமான ஒரு மேசை போட்டு, நரைத்த மீசையோடு ஒரு செக்யூரிட்டி நின்றுகொண்டிருந்தார். எங்களுக்குப் பின்னால் வரிசை வாசல்வரைக்கும் நீண்டிருந்தது. அவர் கட்டைப் பைக்குள் கையை விட்டுத் தூக்கை எடுத்தார்.

“இது என்னங்க?”

“கேசரி.”

“வெளிச் சாப்பாடு உள்ள விடமாட்டோம்ங்க.”

“இது சாப்பாடு இல்லப்பா. சம்பிரதாயம்.”

செக்யூரிட்டி மூடியைத் திறந்து பார்த்து, “நெய்யெல்லாம் நல்லாத்தான் போட்டிருக்கு,” என்று மூடி ஓரமாக வைத்தார். அடுத்து பஜ்ஜி. அடுத்து பிளாஸ்க், உள்ளே கண்ணாடி என்பதால் அது இரண்டு குற்றம். அடுத்து பாக்குப் பொட்டலம். பாக்கு கூடாது, உள்ளே போய்த் துப்பிவிடுகிறார்கள் என்றார். இது மெல்லுகிற பாக்கு இல்லை, மாற்றிக்கொள்கிற பாக்கு என்று பெரியப்பா விளக்கினார். கற்பூரமும் தீப்பெட்டியும் வெளியே வந்தபோது செக்யூரிட்டி பெரியப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். கடைசியாகத் தேங்காய்.

“தேங்கா போர்டுல போடலியே!” என்று பெரியப்பா வெற்றிப் புன்னகையோடு அதைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“போடலதான். இதுவரைக்கும் யாரும் கொண்டாந்ததில்லிங்களே.”

மேசைமேல் இப்போது ஒரு நிச்சயதார்த்தமே பரப்பி வைத்திருந்தது. வரிசையில் யாரோ ஒரு பையன், “உள்ள கல்யாணமா சார்?” என்று கேட்க, கொல்லென்று சிரிப்பு. நான்கூடச் சிரித்தேன். அப்போதுதான் பெரியப்பா திரும்பிப் பார்த்தார். எங்களுக்கு அடுத்தபடியாக, கைக்கெட்டும் தூரத்தில், போட்டோவில் பார்த்த மாப்பிள்ளையும் அவர் அக்காவும் நின்றுகொண்டிருந்தார்கள். எவ்வளவு நேரமாக நின்றார்களோ!

பெரியப்பாவுக்கு வேறு வசனம் தெரியாது. ஒரு கையில் தேங்காயும் இன்னொரு கையில் வெற்றிலைக் கவுளியுமாக, “அடடே, நீங்களா! எங்க இந்தப் பக்கம்?” என்றார், பழகி வைத்திருந்த அதே வியப்போடு.

அந்த அம்மாவுக்கு முகத்தில் ஈயாடவில்லை. பெரிய குங்குமப் பொட்டு, இறுக்கிய உதடு. பார்த்தாலே பயமாக இருந்தது. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். வரிசையில் இருந்தவர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. எது தெருவுக்குத் தெரியக் கூடாது என்று இத்தனை நாள் பாடுபட்டார்களோ, அது ஊர் பெயர் தெரியாத கூட்டத்துக்கே தெரிந்துபோயிற்று. எல்லார் கண்ணும் மாம்பழக் கலர் சேலையைத் தேடிப் பிடித்தன.

அத்தையின் கண் நிறைந்துவிட்டது. “அண்ணி, வீட்டுக்குப் போயிடலாம்,” என்றது. சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரிசையை விட்டு விலகியது. எனக்குப் பகீரென்றது. இவ்வளவு தூரம் வந்து ராட்டினத்தின் காலைக்கூடப் பார்க்காமல் திரும்புவதா?

“ஒரு நிமிஷம்ங்க.” மாப்பிள்ளை. அவ்வளவு நேரமும் அக்காவின் தோளுக்குப் பின்னால் நின்றவர், தன் கையிலிருந்த துணிப்பையை எடுத்துச் செக்யூரிட்டியின் மேசைமேல் வைத்தார். “நானும் மாட்டிக்கிட்டேங்க. தயிர்சாதம். எனக்கு வெளிச் சாப்பாடு ஒத்துக்காதுன்னு அக்கா கட்டிக் குடுத்தாங்க. மாவடு வேற இருக்கு.”

அக்கா அவரை முறைத்தார். அத்தை அழுகிற கண்ணோடு சிரித்துவிட்டது. சும்மா சொல்லக் கூடாது, எங்கள் அத்தை சிரித்தால் யாராக இருந்தாலும் ஒரு கணம் பார்ப்பார்கள். அவரும் பார்த்தார்.

உள்ளே கொண்டுபோகக் கூடாது என்றால் வெளியே சாப்பிடலாமே! வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு புங்க மரம் இருந்தது. அதன் நிழலில் பேப்பரை விரித்து இரண்டு குடும்பமும் உட்கார்ந்தது. ஓரக்கண்ணால் பார்ப்பது, எதேச்சை, எல்லாம் மேசையிலேயே போய்விட்டதால் யாருக்கும் நடிக்க வேண்டியிருக்கவில்லை. அத்தை பஜ்ஜியை எடுத்து எல்லோருக்கும் வைத்தது. மாப்பிள்ளையின் தயிர்சாதத்தைப் பெரியப்பா ஒரு கை பார்த்தார். மூடி நிறையக் கேசரி வைத்துச் செக்யூரிட்டிக்குக் கொடுத்துவிட்டு வரச் சொல்லி என்னை அனுப்பினாள் அம்மா. டூட்டியில் இருக்கிறேன் பாப்பா என்று முதலில் மறுத்தார். பிறகு மறுபக்கம் திரும்பி நின்று சாப்பிட்டார். தேங்காய், வெற்றிலை பாக்கையெல்லாம் தன் அறையில் வைத்துக்கொள்வதாகவும், போகும்போது வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொல்லி அனுப்பினார்.

“ராட்டினத்துல ஏறுவீங்களா?” என்று மாப்பிள்ளை அத்தையிடம் கேட்டார். அவர் நேராகக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

“அதுக்குத்தான் வந்தேன்,” என்றது அத்தை.

உள்ளே போனதும் எனக்கு இடி விழுந்தது. ஆளைத் தலைகீழாகத் திருப்பிப் போடுகிற அந்தப் பெரிய ராட்டினத்தில் ஏற உயரம் வேண்டுமாம். சுவரில் போட்டிருந்த கோட்டுக்கு என் தலை எட்டவில்லை. குதிகாலைத் தூக்கியும் பார்த்தேன். அங்கே நின்றிருந்த பையன் என் தோளை அமுக்கி இறக்கிவிட்டான். ஏறுகிறவர்களும் தலையில் பூ, ஊசி, கையில் வளையல் எதுவும் போட்டுக்கொள்ளக் கூடாது என்றான். அத்தை மல்லிகைச் சரத்தை எடுத்து, வளையல்களைக் கழற்றி, எல்லாவற்றையும் பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் மடியில் போட்டது. மாப்பிள்ளை தன் மூக்குக் கண்ணாடியையும் வாட்சையும் கொடுத்தார். அம்மாவும் பெரியப்பாவும் அந்த அக்காவும் கொஞ்சம் தள்ளி மேடையில் உட்கார்ந்து, யார் யாருக்கு என்ன உறவு என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு பேரும் வானத்துக்குப் போய்த் தலைகீழாகத் தொங்கினார்கள். இறங்கி வந்தபோது மாப்பிள்ளையின் முகம் வெளிறிப் போயிருந்தது. அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, “இன்னொரு தடவை,” என்று மறுபடி வரிசைக்கு ஓடியது. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கொடுத்தேன். போட்டுக்கொள்ளாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

“உங்க அத்தை எப்பவும் இப்படித்தானா?” என்று கேட்டார்.

வாயைத் திறக்கக் கூடாது என்ற உத்தரவு எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் இந்த ஆளும் வேண்டாமென்று போய்விட்டால்? வேண்டாமென்ற ராத்திரிகளில் அத்தை கதை சொல்லாது, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ளும். எனக்கு அது பிடிக்காது. அதனால் நானே இதை முடித்துவைப்பது என்று தீர்மானித்தேன். அத்தையைப் பற்றி எனக்குத் தெரிந்த நல்லதையெல்லாம் எடுத்துவிட்டேன்.

“எங்க அத்தை கதை சொல்லும். ராஜா கதையெல்லாம் இல்ல, உரக்கடைக்கு வர்றவங்களை வச்சே சொல்லும். ரெட்டைச் சடை வலிக்காம பின்னும். காய்ச்சல் வந்தா லீவு போட்டுட்டு மடியில வச்சுக்கும். கணக்கு தப்பாப் போட்டா அடிக்காது. ஐஸ் வாங்கினா முதக் கடி எனக்குத்தான். ராத்திரி பாத்ரூமுக்குக் கூப்பிட்டா எத்தனை தூக்கத்துல இருந்தாலும் வரும். இடி இடிச்சா காதைப் பொத்திவிடும்.”

“இவ்வளவும் உனக்காகப் பண்றாங்களா?”

“ஆமா. உங்களுக்கும் பண்ணும்.”

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

“அப்ப உனக்கு யாரு பண்ணுவாங்க, பாப்பா?”

“எனக்கும் அத்தைதான் பண்ணும்,” என்றேன். இதென்ன கேள்வி என்றிருந்தது எனக்கு. அவர் கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். மேலே அத்தை ஊருக்கே கேட்கும்படி கத்திக்கொண்டே போயிற்று.

அத்தை தலை கலைந்து, மூச்சு வாங்க, வாயெல்லாம் பல்லாக வந்து நின்றது. மாப்பிள்ளை எழுந்து போய்த் தன் அக்காவிடம் ஏதோ சொன்னார். அந்த அம்மா எங்களிடம் வந்தார்கள். வந்த வேகத்தைப் பார்த்து, அத்தை கத்தியதற்காகத் திட்டப் போகிறார்கள் என்றே நினைத்தேன். அவர்கள் என் மடியிலிருந்த மல்லிகைச் சரத்தை எடுத்தார்கள்.

“நானே வச்சு விடட்டுமாம்மா?”

பூவைத் திரும்ப வைக்கிறார்கள், அவ்வளவுதான் என்பது என் புத்தி. மாப்பிள்ளை வீட்டார் கையால் பூ வைத்தால் பெண்ணை எடுத்துக்கொண்டதாக அர்த்தம் என்று எனக்கு யார் சொன்னார்கள்! பெரியப்பா எழுந்து நின்றுவிட்டார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தை உடனே தலையைக் குனியவில்லை. மாப்பிள்ளையைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது, வெகுநேரம். நான் வைத்துக்கொள், வைத்துக்கொள் என்று வேகமாகத் தலையை ஆட்டினேன். அதற்குப் பிறகுதான் அது குனிந்தது.

பெரியப்பா வாசலுக்கு ஓடினார். வெளியே வரும்போது செக்யூரிட்டியின் மேசைமேலேயே தாம்பாளத்தை வைத்து வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள். செக்யூரிட்டி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கற்பூரத்தை மட்டும் கடைசிவரைக்கும் ஏற்ற விடவில்லை. கேசரியால்தான் காரியம் கைகூடியது என்று பெரியப்பா இன்றைக்கும் சொல்கிறார்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. எதிலும் குறையில்லாத கல்யாணம். மாமாவும் தங்கமான மனிதர். அத்தை துவாக்குடிக்குப் போயிற்று. இங்கே இருக்கிற துவாக்குடிதானே, நினைத்தால் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று எல்லோரும் என்னிடம் சொன்னார்கள். நியாயம்தான். ஆனால் ராத்திரி இடி இடிக்கும்போது கையை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் துவாக்குடி இல்லை. முதல் மழை ராத்திரியில் அம்மா வந்து பக்கத்தில் படுத்தாள். இது அத்தை கை இல்லை என்று நான் அழுததும், பாவம், அவளும் சேர்ந்து அழுததும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அதெல்லாம் பிறகு. அன்று சாயங்காலம் திரும்பும் பஸ்ஸில் நான் வானத்தில்தான் இருந்தேன். காவிரிப் பாலம் வந்ததும் அத்தையின் காதில் ரகசியமாக, “நான்தான் அவருகிட்டப் பேசி முடிச்சு வச்சேன், தெரியுமா?” என்றேன். அத்தை என்னை இழுத்து மடியில் போட்டு இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டிக்கொண்டது. என் கழுத்தில் சொட்டுச் சொட்டாக ஈரம் விழுந்தது. வியர்வை என்றுதான் நினைத்தேன். பஸ்ஸில் நல்ல புழுக்கம்.

“விடு அத்தை, வேர்க்குது,” என்று அதன் கைகளைப் பிரித்துவிட்டு, காலியான ஜன்னலோர சீட்டைப் பார்த்து ஓடினேன்.